கீசருக்குப் போட்ட ஸ்வெட்டர்

எங்கள் வீட்டில் ஒரு மார்கழி முழுக்கக் கதகதப்பாக இருந்தது கீசர் மட்டும்தான். பழுப்பு நிறத்தில், முன்பக்கம் பித்தான் வைத்த கம்பளி ஸ்வெட்டர் அதற்கு. ஸ்வெட்டருக்கு மேல் ஒரு பழைய போர்வை, போர்வையைச் சுற்றிச் சணல் கயிறு, உச்சியில் ஒரு குரங்குக் குல்லா. குல்லாவில் முகம் தெரிவதற்கென்று இருக்கும் ஓட்டை வழியாகக் கீசர் கம்பெனியின் ஸ்டிக்கர் எட்டிப் பார்க்கும். அதற்குக் கீழே, ஊரப்பாக்கத்துப் போர்வெல் தண்ணீரைச் சில்லென்று தோளில் ஊற்றிக்கொண்டு பல்லைக் கடித்தபடி நிற்பது நான்.

கோபம் இன்னும் தீரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் வந்து, இந்த அம்மாளுக்கு ஏன் இத்தனை காரம் என்று யாரும் கேட்கக் கூடாது.

நான் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்போது பத்தாம் வகுப்பு என்னிடம் இருந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கு எங்கள் பள்ளியில் சாதாரணமாகக் கிடைத்துவிடாது. ஆறாம் வகுப்பில் ஆரம்பித்து, வகுப்பு வகுப்பாக ஏறி, யாராவது பிரசவத்துக்கோ துபாய்க்கோ போனால்தான் அந்த இடம் காலியாகும். நான் அப்படித்தான் ஏறினேன். எனக்கு அந்த வகுப்பு மிகவும் பிடிக்கும். திரிகோணமிதியில் ஒரு கணக்கைப் போர்டின் உச்சியில் ஆரம்பித்து, படிப்படியாக இறக்கி, கீழே விடைக்கு ஒரு கட்டம் போடும்போது பின்பெஞ்சில் ஒருவன் 'ஓ' என்பான். அந்த 'ஓ'வுக்காகத்தான் நான் ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் நின்று, மூச்சு முட்டும் கூட்டத்தில் ஏறி, தாம்பரத்தில் பிதுங்கி இறங்கினேன்.

அந்த ஆண்டு ஆயுத பூஜை சமயத்தில் வலது தோள் இறுகிக்கொண்டது. டாக்டர் ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். பனி என்றால் சினிமாவில் மட்டும் பார்க்கும் ஊரில் எனக்குத் தோள் உறைந்துவிட்டது. பிசியோதெரபி செய்யும் பெண் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். காலையில் எழுந்ததும் தோளில் நன்றாக வெந்நீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். சூடு ஆறுவதற்குள் சுவரோரம் நின்று, விரல்களைப் பூச்சி மாதிரி மேலே மேலே நடத்திக்கொண்டு போக வேண்டும். விடாமல் செய்தால் சில மாதத்தில் சரியாகிவிடும், விட்டுவிட்டால் இன்னும் இறுகும் என்றாள். அவள் சொன்னது பலித்தது. வெந்நீர் ஊற்றிய நாளில் என் கை போர்டின் உச்சியைத் தொட்டது. கீசர் பழுதாகிப் பிளம்பருக்காகக் காத்திருந்த நாள்களில் நெஞ்சுக்கு மேல் எழும்ப மறுத்தது. ஆக, என் பத்தாம் வகுப்பு தினம் ஒரு வாளி வெந்நீரில் இருந்தது. இதை நான் வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். வீட்டில் எல்லோரும் என்றால் என் கணவர்.

அவர் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கார் உதிரிபாக ஆலையில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்து, அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். ஆலைகளுக்கு மின்சாரம் நேரத்துக்கு ஒரு விலை. ஊரே ஸ்விட்சைப் போடும் காலையும் மாலையும் பீக் ஹவர், அப்போது விலை கூடும். பீக் ஹவர் வருவதற்குள் எந்த உலையை அணைப்பது, எந்த மோட்டாரை நிறுத்துவது என்று பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். அதைப் பிசகில்லாமல் பார்த்தார். விடைபெறும் கூட்டத்தில் சால்வை போர்த்தி, 'பீக் ஹவர் மன்னன்' என்று மேடையில் ஒருவர் புகழ்ந்தாராம். புகழ்ந்தவருக்கு என்ன, மைக்கை வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். மன்னர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

மன்னர் என்றால் ஆள்வதற்கு ஒரு நாடு வேண்டும். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை, மொட்டைமாடியில் ஒரு கறுப்புத் தொட்டி. பிள்ளை பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் குடிமக்கள் என்று பார்த்தால் நான் ஒருத்தி. முதல் சில வாரம் நான் அறையை விட்டு வெளியே வந்தால் பின்னாலேயே போய் ஃபேனை அணைப்பதோடு நின்றிருந்தார். ஃபிரிட்ஜைத் திறந்து கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று நான் யோசித்தால், யோசித்துவிட்டுத் திறக்கக் கூடாதா என்பார். அதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. புதிதாக ஓய்வு பெற்றவர்கள் எல்லா வீட்டிலும் எதையாவது அணைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பிறகு யாரோ அவருக்கு ஒரு வீடியோ அனுப்பினார்கள். வீடுகளுக்கும் நேரத்துக்கு ஒரு கட்டணம், சூரிய மின்சாரம் வருவதால் வெயில் நேரத்தில் மலிவு என்று அதில் ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசினார். அது எந்த ஊருக்குப் பொருந்தும், நம் ஊருக்கு வந்துவிட்டதா, இனிமேல்தான் வருமா என்று எதையும் இவர் விசாரிக்கவில்லை. விசாரிப்பது தெரியாதவர்கள் செய்யும் வேலை. இவருக்குத்தான் ஆயுள் முழுக்கத் தெரியுமே. அன்று சாப்பாட்டு மேசையில் பிரகடனம் வந்தது. காலையிலும் மாலையிலும் கீசர், மிக்சி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின் எதுவும் ஓடாது. எல்லாம் நடுப்பகலில்தான். முன்பெல்லாம் ஆலையில் ராத்திரிதான் சலுகை நேரம், இப்போது காலம் மாறி வெயில்தான் சலுகை என்று விளக்கம் வேறு.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எங்கள் வீட்டு மின்கட்டணத்தைக் கல்யாணமான நாளிலிருந்து கட்டி வருவது நான். அவருக்கு ஆலையின் பில் மனப்பாடம், வீட்டு பில் எந்த நிறம் என்று கூடத் தெரியாது. அதனால் கேட்டேன்.

"நம்ம மீட்டருக்கு மணி பார்க்கத் தெரியுமாங்க?"

அவர் சிரித்தார். "நீ கணக்கு டீச்சர். இது எலெக்ட்ரிகல்."

சரி, எலெக்ட்ரிகல்தான். தொழிலில் ஊறியவர் சொல்கிறார், நாம் என்னத்தைக் கண்டோம் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் என் வெந்நீர்? அதற்கும் திட்டம் இருந்தது. நடுப்பகலில் கீசர் ஓடும், தண்ணீர் கொதிக்கும், அணைந்துவிடும். அந்தச் சூட்டை மறுநாள் காலை வரை கீசருக்குள்ளேயே பாதுகாத்து வைத்திருந்து எனக்குத் தருவார். வெளிநாட்டில் வீட்டையே இப்படித்தான் சூடு பண்ணுகிறார்களாம். மலிவான நேரத்தில் சூட்டை வாங்கிச் சேர்த்து வைத்து, வேண்டியபோது எடுத்துச் செலவழிப்பார்களாம். மாவு அரைத்து ஃபிரிட்ஜில் வைப்பது போலத்தானே என்றார். அப்படித்தான் கீசர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டது. அந்த ஸ்வெட்டர் ஊட்டி போனபோது நான் அவருக்கு வாங்கிக் கொடுத்தது.

முதல் நாள் காலையில் குழாயைத் திருகினேன். பச்சைக் குழந்தைக்குப் புகட்டும் பால் சூட்டில் இரண்டு குவளைத் தண்ணீர் வந்தது. மூன்றாவது குவளையில் மொட்டைமாடித் தொட்டி சில்லென்று பேச ஆரம்பித்தது. இந்தத் திட்டத்தில் இன்னொரு அழகு, நடுப்பகலில் எங்கள் தொட்டித் தண்ணீர் வெயிலில் தானாகவே சூடாக இருக்கும். யாருக்கும் வெந்நீர் வேண்டாத நேரத்தில், ஏற்கெனவே சுட்டுக்கொண்டிருந்த தண்ணீரை, யாரும் குளிக்காத அறையில், ஸ்வெட்டர் போட்டுச் சுட வைத்துக்கொண்டிருந்தோம்.

ஸ்விட்சைப் போட்டுக்கொள்வதுதானே என்று கேட்பீர்கள். ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. ஓடக் கூடாத இயந்திரத்தின் ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட்டு, சிவப்பு அட்டை ஒன்றை மாட்டிவிட்டு, சாவியைப் பொறுப்பாளர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். தெரியாமல் யாராவது போட்டுவிட்டால் உள்ளே கை வைத்திருப்பவனுக்கு உயிர் போய்விடும். நல்ல வழக்கம், மறுக்கவில்லை. அந்த நல்ல வழக்கத்தை எங்கள் குளியலறைக்கு வெளியே கொண்டுவந்தார். கீசரை நடுப்பகலில் மட்டும் ஓட்டும் டைமரை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டு, பூட்டில் 'இயக்காதே' என்று அட்டை. வாளியில் போடும் ஹீட்டர் ராடும் பறிமுதலாகி அலமாரிக்குள் போனது. நான் குளிக்கும் நேரத்தில் சாவி வாக்கிங் போயிருக்கும். ஏரிக்கரையைச் சுற்றி நடந்துகொண்டு, கூட வருபவர்களுக்குப் பீக் ஹவரைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும். அதனால் நான் குளிரில் நடுங்குவதை ஒரு நாள் கூட அவர் பார்த்ததில்லை.

கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்துப் பார்த்தேன். ஒரு வாளிக்கு ஆகும் பாத்திரத்தைக் கொதிக்கக் கொதிக்கத் தூக்கிப் போக இரண்டு தோள் வேண்டும், என்னிடம் ஒன்றுதான் இருந்தது. சின்னப் பாத்திரத்தில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு அடுத்ததுக்கு வருவதற்குள் முதலில் ஊற்றியது ஆறிவிடும். சிலிண்டர் மட்டும் வழக்கத்துக்கு முன்னாலேயே காலியானது. அதைச் சொன்னபோது, கேஸ் சமையலறைக் கணக்கு, அதை இதோடு சேர்க்கக் கூடாது என்றார். ஆலையில் டிபார்ட்மெண்டுக்கு டிபார்ட்மெண்ட் கணக்கு தனியாம்.

பள்ளியில் என் கணக்குகள் போர்டில் இறங்க ஆரம்பித்தன. முதலில் கண்மட்டம், பிறகு நெஞ்சுமட்டம். இடது கையால் எழுதிப் பார்த்தேன், சமன்பாடு முழுக்க நண்டு ஊர்ந்தது போல இருந்தது. பள்ளியில் ஸ்மார்ட் போர்டு ஒன்று உண்டு, ஆனால் அது கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக ஒரு அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அந்த ஆண்டு எனக்கு வேண்டியதெல்லாம் எங்கேயாவது பூட்டித்தான் இருந்தது. முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் நான் எழுதியது மறைந்துபோக, பின்பெஞ்சில் 'ஓ' நின்றுபோய், "மிஸ், தெரியல" என்று குரல் வர ஆரம்பித்தது.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் தலைமை ஆசிரியை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷி. உட்கார வைத்து, டீ வரவழைத்துப் பேசினார். பெற்றோர்கள் கேட்கிறார்கள், பொங்கல் முடிந்ததும் ரிவிஷன் ஆரம்பிக்கிறது, அதற்குள் தோள் சரியாகிவிட்டால் ஒன்றும் பிரச்சினையில்லை என்றார். சரியாகாவிட்டால் என்ன என்பது எனக்கே புரிந்தது. டீயைக் குடிக்க முடியாமல் வைத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சித்தான் சொன்னேன். பொங்கலுக்குள் கை மேலே போகாவிட்டால் பத்தாம் வகுப்பு போய்விடும், காலையில் அரை மணி நேரம் கீசரைப் போடுங்கள் என்றேன். அவர் மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு பழைய போர்வையை எடுத்து வந்தார். சூடு எங்கேயோ லீக் ஆகிறது, கண்டுபிடித்துவிடலாம் என்றார். குரங்குக் குல்லா வந்தது அன்றைக்குத்தான்.

இதற்கு நடுவில் பில் வந்தது. குறைந்திருந்தது. மழையும் பனியுமாக ஏசியைத் தொடாத மாதங்களில் எங்கள் பில் எல்லா ஆண்டும் குறையும், அது எனக்குத் தெரியும். அவர் வாழ்க்கையில் முதன்முதலாக வீட்டு பில்லைக் கையில் எடுத்துப் பார்ப்பது அன்றைக்குத்தான், அதனால் அவருக்குத் தெரியாது. முந்தைய பில்லோடு வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. நான் ஏசியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பில் படமாகிக் காலனி வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு எங்கள் தெருவை அடையாளம் தெரியவில்லை. நலச் சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்து, ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஒரு விளக்க உரை ஆற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கணவர் உரை ஆற்றினார். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்து, மதில்மேல் எல்லாம் ஆள்கள். மறுநாளிலிருந்து நடுப்பகலில் தெரு முழுக்கக் கிரைண்டர் சத்தம். ஒரு வீட்டில் மோட்டார், ஒரு வீட்டில் வாஷிங் மெஷின், எல்லா வீட்டிலும் கீசர். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போய்விட்டது. அன்று முதல் எங்கள் தெருவின் பீக் ஹவர் நடுப்பகல்தான். அதுவரை எந்த இடைஞ்சலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த கரண்ட், சிக்கனம் வந்த பிறகுதான் அடிக்கடி போனது.

இந்தத் திட்டத்தால் உண்மையாகவே லாபம் அடைந்தவர் தெருமுனையில் தள்ளுவண்டியில் கரிப்பெட்டி வைத்துத் துணி தேய்ப்பவர் ஒருவர்தான். காலையில் யாரும் வீட்டில் அயர்ன் பாக்ஸைத் தொடுவதில்லையே. ஒருநாள் ஸ்டேஷனுக்கு ஓடிக்கொண்டிருந்த என்னை நிறுத்தி நன்றி சொன்னார்.

"சாரு வாயில சக்கரதான் போடணும் டீச்சர். மூணு தெரு துணி என்னாண்ட வந்துகினு கீது."

நான் சாரிடம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். இடது கையில் பையைப் பிடித்திருந்ததால் ரயிலில் கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. கூட்டம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு கணவருக்கு ஒரு குறை தோன்றியது. பில் குறைந்திருக்கிறது, ஆனால் சலுகை நேரத்துக்கான தள்ளுபடி என்று தனி வரி எதுவும் இல்லை. ஆலை பில்லில் அது தனியாக இருக்கும். அப்படியானால் நமக்கு இன்னும் குறைய வேண்டும், எங்கேயோ விட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். நான் பில்லைக் காட்டி, போன முறை எண், இந்த முறை எண், கழித்தால் யூனிட், அவ்வளவுதான் இருக்கிறது, இந்தக் கழித்தலில் நேரத்துக்கு எங்கே இடம் என்று கேட்டேன். அது உள்ளே கம்ப்யூட்டரில் இருக்கும் என்றார். சனிக்கிழமை என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஈ.பி. ஆபீசுக்குப் போனார். கனெக்‌ஷன் என் பெயரில் இருந்ததால் நான் வர வேண்டியிருந்தது.

அங்கே ஒரு இளம்பெண் இன்ஜினியர் இருந்தாள். இவர் பத்து நிமிஷம் எடுத்துச் சொன்னார். ஆலை, உலை, வெயில் நேரம், டைமர், எல்லாம் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"சார், அந்த டைம் கணக்கெல்லாம் ஃபேக்டரிக்கு. உங்க வீட்டுக்கு இன்னும் வரல. நீங்க எப்ப போட்டாலும் ஒரே ரேட்தான். மொத்தம் எவ்வளவு ஓடிச்சுன்னுதான் பார்ப்போம்."

அவர் பில்லை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மார்கழியில் எனக்கு முதன்முதலாகச் சூடு ஏறியது அப்போதுதான். ஜி.எஸ்.டி. ரோடு சிக்னலில் வண்டி நின்றபோது, முன்னால் பார்த்தபடியே ஒரு வார்த்தை சொன்னார். என் தோளைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"குரூப்ல இப்ப எதுவும் போட வேண்டாம்."

 நான் வாயைத் திறந்திருந்தால் சிக்னலில் நின்ற அத்தனை வண்டியும் திரும்பிப் பார்த்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவரே பூட்டைத் திறந்தார். மறுநாளிலிருந்து காலையில் வெந்நீர் வந்தது. வாக்கிங் போகாமல் வாளியைப் பிடித்து வைத்துவிட்டு, சுவரில் என் விரல்கள் ஏறுவதைத் தள்ளி நின்று பார்த்தார். பாதிக்கு மேல் அவை ஏறவில்லை. இத்தனை வாரம் குளிரில் இறுகியது நாலு நாளில் இளகாது என்று பிசியோதெரபிப் பெண் சொல்லிவிட்டாள். பொங்கல் விடுமுறை முழுக்கக் காலையும் மாலையும் ஊற்றிக்கொண்டேன். பீக் ஹவரில் ஊற்றினேன், பீக் ஹவர் முடிந்தும் ஊற்றினேன். மாட்டுப் பொங்கலன்று கண்மட்டத்துக்கு வந்தது கை. அதற்கு மேல் போகவில்லை.

பள்ளி திறந்த அன்று தலைமை ஆசிரியை மறுபடி டீ வரவழைத்தார். பத்தாம் வகுப்பை இன்னொரு டீச்சருக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். எனக்கு மூன்றாம் வகுப்பு. என் மனம் நோகக் கூடாது என்று அவர் ஒரு சமாதானமும் சொன்னார். சின்னப் பிள்ளைகள் வகுப்பில் போர்டைத் தாழ்வாகத்தான் மாட்டியிருக்கிறார்கள், உங்களுக்குச் சிரமமே இருக்காது என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். நான் நன்றி என்றேன்.

வீட்டில் சொன்னபோது கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். பேப்பர் பேனா எடுத்து எதையோ கணக்குப் போட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க என் குளியலுக்கு ஆகியிருக்கும் மின்சாரத்தைத்தான் போட்டிருக்கிறார். சில நூறு ரூபாய் என்று வந்த விடையைப் பார்த்துவிட்டுப் பேப்பரைக் கசக்கினார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். இன்று வரை நான் மன்னிக்காதது அந்தக் கேள்வியைத்தான்.

"இவ்வளவு முக்கியம்னு நீ ஏன் முன்னாடியே சொல்லல?"

நான் முன்னாடியே சொல்லியிருந்தேன். தோள் இறுகியபோது சொன்னேன், டீ குடிக்காமல் வந்த அன்று கெஞ்சிச் சொன்னேன். அதையெல்லாம் அப்போது திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. போனை எடுத்துக் காலனிக் குழுவில் எழுதினேன். வீடுகளுக்கு நேரக் கட்டணம் இன்னும் வரவில்லை, எப்போது போட்டாலும் ஒரே விலைதான், ஈ.பி. ஆபீசிலேயே கேட்டுவிட்டோம் என்று எழுதினேன்.  பிறகு செயலாளர், டீச்சர், இது எலெக்ட்ரிகல் விஷயம், சார் சொல்லட்டும் என்று போட்டார். அடுத்த அறையில் சார் வெகு நேரம் தட்டித் தட்டி அழித்துக்கொண்டிருந்தார். கடைசியில் 'டீச்சர் சொல்வதுதான் சரி, தப்பு என்னுடையது' என்று அவர் பெயரில் வந்தது. அதற்கு மேலும் அவர் என்ன செய்ய முடியும், செய்துவிட்டார். ஆனால் காலனி அதற்குப் போட்ட பதில்தான் வேடிக்கை. வரிசையாகக் கும்பிடும் கைகள், ரோஜாப்பூக்கள். வீட்டில் சண்டை வேண்டாம் என்று சார் விட்டுக்கொடுக்கிறார், பெரிய மனசு என்று ஒருவர் எழுதியிருந்தார். மறுநாளும் நடுப்பகலில் எல்லா வீட்டிலும் கிரைண்டர் ஓடியது. இன்றும் ஓடுகிறது.

மூன்றாம் வகுப்பில் போர்டு தாழ்வாகத்தான் இருந்தது. பத்தாம் இடத்திலிருந்து கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லிக் கொடுத்தேன். தினமும் வெந்நீர், தினமும் சுவர். வெயில் ஏறிப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை எழுதி முடித்துவிட்டுப் பேனா மையை ஒருவர் சட்டையில் ஒருவர் தெளித்துக்கொண்டு போன வாரத்தில், ஒருநாள் காலை என் விரல்கள் சுவரில் ஏறிக்கொண்டே போய், நிற்காமல், கை நேராக நிமிர்ந்துவிட்டது. வலிக்கவே இல்லை. குளியலறைக்குள் தனியாகச் சிரித்தேன்.

அன்று வகுப்பில் எனக்கு ஆசை அடங்கவில்லை. ஒரு கழித்தல் கணக்கைப் போர்டின் உச்சியில், சட்டத்தை ஒட்டி, கையை முழுக்க நீட்டி எழுதினேன். எழுதிவிட்டு, யார் வந்து போடுகிறீர்கள் என்றேன். முன்வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண் ஓடி வந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். எக்கினாள், குதித்தாள், நுனிக்காலில் நின்று பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "மிஸ், எட்டல மிஸ்" என்றாள்.

நான் அதை அழித்துவிட்டு, அவள் கைக்கு எட்டும்படி கீழே எழுதினேன்.